அரைப் பென்னிப் போர் – 5: புத்தகம் வாங்கக் கூடாத நூலகம்

(சென்ற வாரம்: அருங்காட்சியகங்களுக்காக 1845இல் வந்த சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வாரிங்டன், சால்ஃபோர்டு ஆகிய ஊர்கள் நூலகத்தையும் சேர்த்தே திறந்துவிட்டன. ‘சட்டத்தில் நூலகம் என்ற பேச்சே இல்லையே’ என்ற கேள்வி கிளம்பியது. நூலகத்துக்கென்றே ஒரு சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார் வில்லியம் யூவர்ட்.)

1850 மார்ச் 13, புதன்கிழமை. லண்டனில் மக்கள் சபை கூடியிருக்கிறது. 1834 தீயில் பழைய மன்றம் எரிந்துபோய், புதிய மன்றம் இன்னும் கட்டி முடியாததால், உறுப்பினர்கள் தற்காலிக அவையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைய அலுவல்களில் ஒன்று, யூவர்ட்டின் மசோதாவுக்கு இரண்டாம் வாசிப்பு.

லிங்கன் தொகுதி உறுப்பினர் கர்னல் சார்ல்ஸ் சிப்தார்ப் எழுந்தார். ரயில் வந்தபோது ரயிலை எதிர்த்தவர். பின்னால் 1851இன் மாபெரும் கண்காட்சியையும் எதிர்த்தவர். எனக்குப் படிப்பதே பிடிக்காது, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நாளிலேயே அதை வெறுத்தவன் நான் என்று அவர் அவையில் பேசினார். இப்படியே போனால் நாளைக்குத் தொழிலாளிகளுக்குப் பந்தும் பம்பரமும் வாங்கித் தரச் சொல்வீர்களா என்றும் கேட்டார்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம் என்று நமக்குத் தோன்றும். யூவர்ட்டால் அது முடியவில்லை. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவையில் ஏறக்குறைய பாதிப் பேர் சிப்தார்ப் பக்கம்தான் இருந்தார்கள். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டே வருடத்துக்கு முன், 1848 ஏப்ரல் 10 அன்று, எல்லோருக்கும் வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் தொழிலாளர்கள் லண்டன் கென்னிங்டன் திடலில் திரண்டார்கள். அதே ஆண்டில் பாரிஸில் அரசர் ஓடிப்போனார். அரசாங்கம் லண்டனைக் காக்க ஆயிரக்கணக்கில் சிறப்புக் காவலர்களை நிறுத்தியது. இந்த நேரத்தில் தொழிலாளி கையில் புத்தகத்தைக் கொடுத்து, அவன் கூடிப் பேச ஓர் இடத்தையும் கொடுத்து, அதற்கு நம் வீட்டு வரியிலிருந்தே பணமும் கொடுப்பதா? எதிர்த்தவர்களின் வாதம் அத்தனையும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். வரி என்பது மேல்பூச்சு. உள்ளே இருந்தது படித்த தொழிலாளியைப் பற்றிய அச்சம்.

எழுந்து பதில் சொல்ல வேண்டிய யூவர்ட் யார் என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்த்துவிடுவோம். லிவர்பூலில் வசதியான வணிகர் வீட்டில் 1798இல் பிறந்தவர். அவருக்கு ஆக்ஸ்ஃபோர்டும் எட்டும், நாடாளுமன்றமும் எட்டும். ஆனால் அவர் கையில் எடுத்தது எல்லாம் எட்டாதவர்களின் வழக்குகள். இங்கிலாந்தில் ஆடு, மாடு, குதிரை திருடினால் தூக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. 1832இல் அதை ஒழிக்க வைத்தவர் இவர்தான். மரண தண்டனைக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் பேசினார். ஒரு தடவை தோற்றால் மறு வருடம் அதே மசோதாவோடு வந்து நிற்பார். பெரிய பேச்சாளர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. விடாப்பிடிதான் அவருடைய பலம்.

நூலகத்துக்கு அவர் நேர்வழியில் வரவில்லை. 1845இல் அவர் முதலில் கேட்டது அருங்காட்சியகம்தான். அதற்கு ஒரு வியாபாரக் காரணம் கைவசம் இருந்தது. பிரெஞ்சுத் துணியின் வேலைப்பாட்டுக்கு முன்னால் இங்கிலாந்துத் துணி சந்தையில் நிற்க முடியவில்லை. நம் நெசவாளியும் அச்சுக்காரனும் நல்ல வடிவங்களைக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும். அதற்கு ஊருக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும். ஆலை முதலாளிகளுக்கும் இந்த வாதம் புரிந்தது. 10,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களில், சொத்து மதிப்பின் ஒவ்வொரு பவுனுக்கும் அரைப் பென்னி வரி போட்டு நகர மன்றம் அருங்காட்சியகம் அமைக்கலாம் என்று சட்டம் வந்தது. ஒரு பவுனுக்கு 240 பென்னி. அரைப் பென்னி என்றால் 480இல் ஒரு பங்கு. வாசலில் ஒருவருக்கு ஒரு பென்னி வரை நுழைவுக் கட்டணமும் வாங்கிக்கொள்ளலாம்.

எதிரிகள் கொஞ்சம் அசந்த நேரத்தில் திறந்த அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் வாரிங்டனும் சால்ஃபோர்டும் புத்தக அலமாரிகளை உள்ளே கொண்டு போயின. சால்ஃபோர்டின் பின்னால் இருந்தவர் அந்த ஊர் உறுப்பினர் ஜோசஃப் பிரதர்டன். இளம் வயதில் தந்தையின் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அபூர்வமாகப் புலாலை முற்றிலும் துறந்தவர். அவர் மனைவி மார்த்தா எழுதிய மரக்கறிச் சமையல் நூல் 1812லேயே வந்துவிட்டது. பிரதர்டன் யூவர்ட்டின் வலது கை.

யூவர்ட்டுக்கு இன்னொரு கையும் இருந்தது. அந்தக் கையில் சுண்ணாம்புச் சாந்து படிந்திருந்தது.

எட்வர்ட் எட்வர்ட்ஸ், 1812இல் லண்டனில் ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தார். அவரும் தந்தையிடமே கொத்து வேலை பழகினார். பள்ளிப் படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கிடைத்ததையெல்லாம் படித்துத் தாமே தம்மைப் படிக்க வைத்துக்கொண்டார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் குறைகளை விசாரிக்க 1836இல் ஒரு நாடாளுமன்றக் குழு அமர்ந்தது. அந்த இளைஞர் அருங்காட்சியக நூலகத்தை எப்படிச் சீர்செய்யலாம் என்று துண்டு நூல் எழுதி, குழு முன் சாட்சியும் சொன்னார். படித்த மனிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1839இல் அதே நூலகத்தில் பட்டியல் எழுதும் உதவியாளராக வேலை கிடைத்தது. மேலதிகாரி அந்தோனியோ பனிட்சி, இத்தாலியிலிருந்து உயிர் தப்பி வந்தவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். நூலகப் பட்டியல் எழுதுவதற்கு உலகம் இன்றும் நினைவுகூரும் 91 விதிகளை அவர் தலைமையில் வகுத்தவர்களில் எட்வர்ட்ஸும் ஒருவர்.

பகலில் பட்டியல். இரவில் அவர் தமக்கென்று ஒரு கணக்கை எழுதிக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் எந்த நகரத்தில் எத்தனை நூலகங்கள், எத்தனை புத்தகங்கள், அங்கே யார் நுழையலாம், நூறு பேருக்கு எத்தனை புத்தகம்? கணக்கின் முடிவு இங்கிலாந்தைத் தலைகுனிய வைத்தது. பாரிஸும் மியூனிக்கும் டிரெஸ்டனும் மேலே. உலகத்தின் பெரிய வணிக நகரமான லண்டன் அடியில். அந்தக் கட்டுரை லண்டன் புள்ளியியல் சங்கத்தில் வாசிக்கப்பட்டு அச்சாகி, யூவர்ட்டின் மேசைக்கு வந்தது. தமக்கு இத்தனை நாளும் இல்லாத ஆயுதம் எது என்பது யூவர்ட்டுக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். உடனே ஆளை அழைத்தார்.

1849இல் யூவர்ட் தலைமையில் பொது நூலகக் குழு அமர்ந்தது. முதன்மைச் சாட்சி எட்வர்ட்ஸ். அவர் ஒருவரோடு முடியவில்லை. பின்னாளில் சுயமுன்னேற்ற நூலால் உலகப் புகழ்பெற்ற சாமுவேல் ஸ்மைல்ஸ் வந்து, தொழிலாளர்கள் படிக்கத் துடிப்பதைச் சொன்னார். சார்ட்டிஸ்ட் தலைவர் வில்லியம் லவெட்டும் வந்தார். கிளர்ச்சிக்காகச் சிறை போன அவரையே அழைத்துச் சாட்சி கேட்டது யூவர்ட்டின் துணிச்சல். யார் வேண்டுமானாலும் தடையில்லாமல் நுழைந்து படிக்கக்கூடிய நூலகம் நாட்டில் எத்தனை என்று குழு தேடியது. மான்செஸ்டரில் 1653ஆம் ஆண்டு உயிலில் பிறந்த செத்தம் நூலகத்தைத்தான் அப்படிச் சுட்டிக்காட்ட முடிந்தது. கொடையாளி ஒருவர் இருநூறு வருடத்துக்கு முன் இறக்கும்போது எழுதிவைத்த நல்ல எண்ணம். அவ்வளவுதான் இங்கிலாந்துப் பொதுமக்களின் கையிருப்பு.

இந்தத் தொடரை எழுத என்னைத் தூண்டிய இடம் இதுதான். கொடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கொடையில் பிறந்த நூலகங்கள் நம் நாட்டிலும் ஏராளம். அவை இல்லாவிட்டால் எத்தனையோ சுவடிகளும் இதழ்களும் நம் கைக்கு வந்திரா. ஆனால் கொடையாளியின் பேரன் மனம் மாறினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். சட்டத்தால் வந்த நூலகத்தை அப்படிச் சாத்த முடியாது. அது யாருடைய தயவும் இல்லாமல் குடிமகனுக்குச் சேர வேண்டிய பங்கு. யூவர்ட் கேட்டது அந்தப் பங்கைத்தான்.

அவைக்குத் திரும்புவோம். யூவர்ட் பேசினார். பிரதர்டன் எழுந்து, எதிராளிகளுக்குப் புரிகிற மொழியிலேயே பேசினார். குற்றத்தைத் தண்டிக்க எவ்வளவு செலவழிக்கிறோம், அதைத் தடுக்கக் கொஞ்சம் செலவழிக்கக் கூடாதா, நூலகத்தைப் போல மலிவான போலீஸ் வேறு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். வாக்கெடுப்பு நடந்தது.

ஆதரவு 118. எதிர்ப்பு 101.

பதினேழே வாக்குகள். பத்துப் பேர் அன்றைக்கு மனம் மாறியிருந்தால் இந்தத் தொடர் இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் வெற்றியும் முழுசாக வந்துவிடவில்லை. தோற்றவர்கள் மசோதாவை விட்டுவிடாமல், ஒவ்வொரு பிரிவாகப் பிடித்து இழுத்தார்கள். நகர மன்றம் தானாக முடிவெடுக்கக் கூடாது. வரி செலுத்துவோரைக் கேட்டு வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாதிக்கு மேல் கிடைத்தால் போதாது. வாக்களிப்பவரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். 10,000 பேருக்குக் குறைந்த ஊருக்கு இந்தச் சட்டம் கிடையாது. வரி அரைப் பென்னியைத் தாண்டக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வெட்டு ஒன்று இருந்தது. அந்த அரைப் பென்னியில் கட்டடம் கட்டலாம், இடம் வாங்கலாம், விளக்கு ஏற்றலாம், நாற்காலி போடலாம், சம்பளம் கொடுக்கலாம். புத்தகம் மட்டும் வாங்கக் கூடாது.

ஆம், நூலகச் சட்டம்தான். அலமாரிக்குப் பணம் உண்டு. அலமாரியில் வைப்பதற்குப் பணம் இல்லை. கட்டடம் எழும்பிவிட்டால் நல்ல மனிதர்கள் புத்தகங்களைக் கொண்டு வந்து கொடுப்பார்கள் என்று யூவர்ட் நம்பினார். நம்பியதாகவாவது சொன்னார். இந்த வெட்டை ஏற்காவிட்டால் மசோதாவே போய்விடும் என்ற நிலையில் அவர் ஏற்றுக்கொண்டார் என்பது என் கணிப்பு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அருங்காட்சியகத்தைச் சொல்லி நூலகத்துக்கு இடம் பிடித்தவர், நூலகத்தைச் சொல்லிப் புத்தகத்துக்கும் இடம் பிடிப்போம் என்று நினைத்திருப்பார்.

ஆனால் ஒரு பிரிவில் மட்டும் யூவர்ட்டே ஜெயித்தார். புதிய சட்டம் நூலகத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. இரண்டுக்கும் நுழைவு இலவசம். 1845 சட்டம் அனுமதித்த ஒரு பென்னிக் கட்டணம் வாசலிலிருந்து போயிற்று. 1850 ஆகஸ்ட் 14 அன்று அரச ஒப்புதல் கிடைத்தது.

இந்த அரைப் பென்னி நம் ஊருக்கும் நடந்து வந்திருக்கிறது. இந்தச் சட்டத்திலிருந்து வளர்ந்த லண்டன் பொது நூலகங்களைத்தான், சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-25இல் நேரில் சுற்றிப் பார்த்தார். தொழிலாளியும் சிறுவனும் கூச்சமில்லாமல் நுழைவதைக் கண்டு, இதைச் சட்டமாகத் தம் ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று திரும்பினார். அவர் எழுதிய மாதிரி மசோதா பல வருடம் அலைந்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் மதராஸ் பொது நூலகச் சட்டமாக நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சொத்து வரியில் ரூபாய்க்கு அரையணா நூலக வரி. எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்துக்குள்ளேயே 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் இந்தச் சட்டத்தால் மாநில மைய நூலகமானது. அருங்காட்சியகமும் நூலகமும் ஒரே மதிலுக்குள் நிற்பதை அங்கே போகும்போது பாருங்கள்.

அந்த அரையணா இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதில் அது நூலக வரியாகச் சேர்ந்திருக்கிறது. நீங்கள் தவறாமல் கட்டுகிறீர்கள். உள்ளாட்சி அமைப்புகள் பல அதை வசூலித்துவிட்டு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்காமல் நிலுவை வைப்பதும் உண்டு. 1850இல் புத்தகம் வாங்கவே பணம் இல்லாத சட்டத்தைப் பெற்றுக்கொண்டு அதற்காகவும் போராடினார்கள் மனிதர்கள். சட்டமும் இருந்து, பணமும் வசூலான பிறகு, அது கிளை நூலகத்துக்குப் போய்ச் சேராமல் நிற்பதை நாம் பொறுத்துக்கொள்ளவே கூடாது. அந்தக் கதையைத் தொடரின் கடைசிப் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது எட்வர்ட்ஸிடம் போவோம். சட்டம் நிறைவேறிய அதே 1850இல், அதற்கு எண்களைத் தேடித் தந்தவருக்கு வேலை போயிற்று. அவருடைய புள்ளிவிவரங்களில் பிழைகள் இருக்கின்றன என்று அருங்காட்சியகத்துக்குள்ளிருந்தே தாக்குதல் வந்தது. சக ஊழியர் தாமஸ் வாட்ஸ், புனைபெயரில் பத்திரிகைக்கு எழுதி அந்தக் கணக்குகளைப் பிரித்து மேய்ந்தார். பிழைகள் இருந்தது உண்மை. தனி மனிதன் நாடு நாடாகத் திரட்டிய கணக்கில் இல்லாமல் இருக்குமா? ஆனால் இங்கிலாந்து பின்தங்கிக் கிடந்தது என்ற முடிவை அந்தப் பிழைகள் அசைக்கவில்லை. பனிட்சிக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது. எட்வர்ட்ஸின் முன்கோபம் ஊரறிந்தது. பதினோரு வருடம் உழைத்த இடத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டார்.

வடக்கே ஒரு கதவு திறந்தது. மான்செஸ்டர் மேயர் ஜான் பாட்டர், புதிய சட்டத்தின் கீழ் ஒரு பெரிய நூலகம் அமைக்க நன்கொடை திரட்டிக்கொண்டிருந்தார். சட்டம்தான் புத்தகத்துக்குப் பணம் தராதே! முதலாளிகள் பெருந்தொகை கொடுத்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள் தனிக் குழு அமைத்துச் சில்லறையாகச் சேர்த்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் கொடுத்தார்கள்.

அவர்கள் வாங்கிய கட்டடத்தின் கதையையும் சொல்ல வேண்டும். கேம்ப்ஃபீல்டு பகுதியில் ‘அறிவியல் கூடம்’ என்று ஒன்று இருந்தது. ராபர்ட் ஓவனின் கொள்கையை ஏற்ற சோஷலிஸ்ட் தொழிலாளர்கள் தங்களுக்காக 1840இல் கட்டி முடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடந்த கூட்டங்களைப் பற்றி, மான்செஸ்டரில் வாழ்ந்த இளைஞர் ஃபிரெட்ரிக் எங்கெல்ஸ் எழுதியிருக்கிறார். நாடாளுமன்றத்தில் யார் கையில் புத்தகம் போய்விடக் கூடாது என்று பயந்தார்களோ, அந்தத் தொழிலாளர்கள் எழுப்பிய கூடத்திலேயே சட்டப்படியான பொது நூலகம் அமையப் போகிறது. அதன் முதல் நூலகராக முன்னாள் கொத்தனார் எட்வர்ட்ஸ் பொறுப்பேற்றார். நன்கொடைப் பணத்தில் அவர் ஆயிரக்கணக்கில் புத்தகங்களைத் தேடி வாங்கி அடுக்கினார்.

எல்லாம் தயார். ஒன்று மட்டும் பாக்கி.

நன்கொடையில் கட்டடம் வாங்கலாம், முதல் தொகுதிப் புத்தகம் வாங்கலாம். வருடா வருடம் விளக்கெரிய, கூரை ஒழுகாமலிருக்க, ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க அரைப் பென்னி வரி வேண்டும். அதற்கு ஊர் வாக்களிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

அந்தக் கணக்கு எவ்வளவு கொடியது என்பதற்கு அருகிலேயே உதாரணம் இருந்தது. 1852 ஏப்ரலில் பர்மிங்ஹாம் வாக்களித்தது. ஆதரவு 534, எதிர்ப்பு 363. பெரும்பான்மை நூலகம் கேட்டது. ஆனால் மூன்றில் இரண்டு பங்குக்கு 598 வேண்டும். 64 வாக்கு குறைந்தது. அவ்வளவு பெரிய தொழில் நகரம் நூலகம் இல்லாமலே வீடு திரும்பியது. எக்ஸிட்டரில் அதற்கு முன்பே படுதோல்வி.

மான்செஸ்டர் நூலகத்தின் திறப்பு விழா 1852 செப்டம்பர் 2. அன்று மேடையேறியவர்களில் நாவலாசிரியர்கள் சார்ல்ஸ் டிக்கன்ஸும் தாக்கரேயும் உண்டு. ஊர் வாக்களிக்க வேண்டிய நாளோ ஆகஸ்ட் 20. விழாவுக்குப் பதின்மூன்றே நாள் முன்பு. பஞ்சாலை முதலாளியும் கடைக்காரரும் வாடகை வீட்டில் வரி கட்டும் தொழிலாளியும் தங்கள் மேல் தாங்களே ஒரு வரியைப் போட்டுக்கொள்ளச் சம்மதிப்பார்களா? மூன்றில் இரண்டு பங்கு வராமல் போனால் மேடையில் டிக்கன்ஸ் எதைத் திறந்து வைப்பார்? புத்தகங்களை அடுக்கி முடித்துவிட்டுக் காத்திருக்கும் எட்வர்ட்ஸ் எங்கே போவார்?

மாலையில் வாக்குகளை எண்ணினார்கள். எதிர்த்து விழுந்தவை வெறும் நாற்பது.

ஆதரித்தவை எத்தனை, தாக்கரே அந்த மேடையில் ஏன் தடுமாறினார், ஆறே வருடத்தில் எட்வர்ட்ஸை அதே மான்செஸ்டர் ஏன் வெளியே அனுப்பியது என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)